தம்பியின் உள்ளங்கால்

என் தம்பி நோர்வேக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. எங்கள் குடும்பத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடலுக்கு இந்தப் பக்கம் வந்த வருத்தத்தை அந்தப் பக்கம் சொல்லமாட்டோம். அந்தப் பக்கத்து வருத்தமும் இந்தப் பக்கம் வராது. தூரத்தில் இருந்துகொண்டு பாவம் என்ன செய்வார்கள் என்று அதற்கொரு நியாயம் வேறு. எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போன் பழுது என்றுதான் அவனுக்குச் சொல்லச் சொன்னேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்ததை வருடக்கணக்கில் மறைத்தான். அவன் மனைவி ஒருநாள் வாய் தவறிச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான். நான் விசாரணையைத் தொடங்குவேன்.

“குளிசை போட்டனியே? மத்தியானம் என்ன சாப்பிட்டனி?”

காட்டச் சொன்னால் கீரைக்கறியைக் காட்டுவான். சோற்றுக் கோப்பை திரைக்கு வெளியே இருக்கும். சின்ன வயதிலேயே சட்டியை வழித்துத் தின்றவனை எனக்குத் தெரியாதா?

இந்த ஆவணியில் சந்நிதி கோயில் திருவிழாவுக்கென்று வந்து நின்றான். தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் நடை தூரம்தான். வந்த அன்றே சண்டை. பெட்டியைத் திறந்து, முதல் வேலையாக ஒரு சோடிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினான்.

“டேய், வெளியிலை கழட்டு! சாமியறை இருக்கிற வீட்டுக்கை செருப்போ?”

“இது வீட்டுக்குள்ளை போடுறது அக்கா. புதுசு.”

“புதுசெண்டா? நோர்வேயிலை போடு.”

கழற்றி வெளியே வைத்தான். என்னோடு வாய் கொடுத்து வென்றவர்கள் எங்கள் ஒழுங்கைச் சனத்தில் குறைவு.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் கெளிறு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று கதைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போனான். மீன் சட்டியோடு பின்னால் போன நான் அதை வாசலிலேயே வைத்துவிட்டேன். வெள்ளைத் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை, குசினி வாசலிலிருந்து கதிரைவரை போயிருந்தது. அவன் கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளங்காலில் கெளிற்றின் செட்டை முள் ஏறியிருந்தது. அந்த முள் குத்தினால் கடலிலேயே வளர்ந்த ஆம்பிளைகளும் கத்திக் குழறுவார்கள். இவன், “என்ன அக்கா?” என்று என்னைக் கேட்டான்.

அதன் பிறகுதான் முழுக்கதையும் வந்தது. சீனி வருத்தத்தால் இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது. ஒரு பனிக்காலத்தில் வேலை முடிந்து வந்த களைப்பில், ஹீட்டரில் கால் முட்டியபடி நித்திரையாகிவிட்டான். தோல் வெந்தது அவனுக்குத் தெரியவில்லை. காலுறை நனைந்திருந்ததைக் கண்டு மனைவிதான் கத்தினாளாம். ஒரு விரலை எடுக்க வேண்டி வருமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த ஞாயிறுகளில் அவன் வீடியோவில் வராததற்கு, வேலை கூடிப்போச்சு என்று நாங்கள் இங்கே நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே பாதங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு தாதி இருக்கிறாராம். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், கட்டிலிலிருந்து குளியலறைக்குக்கூட வெறுங்காலோடு போகக்கூடாது என்பது அவருடைய கட்டளை. அப்படி வாங்கிய செருப்பைத்தான் நான் கழற்ற வைத்திருக்கிறேன். டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து, அன்று மத்தியானமே அதை எடுத்து என் கையால் அவன் காலில் மாட்டிவிட்டேன். சாமியறை வாசல்வரை போட்டுக்கொண்டு திரிந்தான்.

டொக்டர் முள்ளை எடுத்து, ஊசி போட்டு, மருந்து கட்டி, வெறுங்கால் கூடவே கூடாது என்றிருந்தார். நன்றாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் சொல்கிறான், சந்நிதியானிடம் வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்த்தியாம். எங்களுக்கு அது ஒரு நேர்த்தியே இல்லை. கோயிலுக்கு வேறெப்படிப் போவது?

“அந்தச் சுடுமணலிலை கால் வெந்தாலும் உனக்குத் தெரியாது. காலைக் குடுத்துப்போட்டு ஆஸ்பத்திரியிலை கிடந்து கும்பிடப் போறியோ?”

“சாமிக்கு முன்னாலை சப்பாத்தோடை போறதோ அக்கா?”

“சாமிக்குத் தெரியாத சீனி வருத்தமோ?”

சில நாள்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். ஆனாலும் நான் சீனி வருத்தத்துக்கு நல்லதென்று குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தேன். அவனும் மிச்சமில்லாமல் சாப்பிட்டான். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். திருவிழா முடிந்தாலும் பரவாயில்லை, புண் முழுக்க ஆற வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். நான் முன்னால் நடப்பேன், என் காலடித் தடத்தில்தான் அவன் கால் வைக்க வேண்டும். சப்பாத்தும் காலுறையும் என் பையில் வரும். எல்லாவற்றுக்கும் ஓம் என்றான்.

அவன் திரும்பிப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, விடிந்ததும் புறப்பட்டோம். நான் காலால் தடவித் தடவி, முள்ளையும் உடைந்த போத்தல் துண்டையும் ஒதுக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் கேள்வி வந்துகொண்டே இருந்தது.

“சுடுதோ அக்கா?”

“இல்லை, வா.”

“இப்ப?”

“சுட்டா நான் கத்தமாட்டனோ? வாடா.”

கோயிலடி மணலில் இறங்கியதும் நின்றுவிட்டான்.

“மண் எப்பிடி இருக்கு?”

“குளிரா இருக்கு. கொஞ்சம் ஈரம். சின்னச் சின்னச் சிப்பி குத்துது.”

அவன் காலை மணலுக்குள் புதைத்து அழுத்தினான். இன்னும் கொஞ்சம் அழுத்தினான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எனக்கும் குத்தோணும் எண்டுதான் நேந்தனான் அக்கா. ஒண்டும் தெரியேல்லை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மண்ணில் கால் வைத்தால் போன உணர்ச்சி திரும்பி வரும் என்று நம்பி, அத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறான் என் தம்பி. அழுகை வந்தது. கோபமும் வந்தது, அது அவன்மேலா சாமிமேலா என்று தெரியவில்லை.

அவன் கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு பக்கத்து மடத்துப் படியில் போய் உட்கார்ந்தான்.

“சப்பாத்தைத் தா அக்கா.”

நான் கீழே உட்கார்ந்து, அவன் காலை மடியில் எடுத்து வைத்து மணலைத் துடைத்தேன். விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கும்பிட வந்த ஒரு பெண், கோயிலடியில் சப்பாத்தோ என்பதுபோலப் பார்த்தாள். நான் திருப்பிப் பார்த்த பார்வையில் விலகிப் போய்விட்டாள். காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, சப்பாத்தை மாட்டி, நாடாவை முடிந்தேன்.

“இறுக்குதோடா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

“நீதான் விரலை விட்டுப் பாத்துச் சொல்லோணும்” என்றான்.