உருண்டையாக வராத கூரை

சின்னச் சின்னக் கட்டட பொம்மைப் பெட்டிகளை வாங்கி, கட்டிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று வீடியோவில் சொல்வது என் வழக்கம். நேற்று வந்த பெட்டியைப் பிரித்து மேசையில் கொட்டினேன். சலசலவென்று விழுந்த பிளாஸ்டிக் கட்டைகளில் சில, கூரைக்காக வளைத்துச் செய்தவை. இவை அன்றைக்கு அப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது.

அப்போது நான் சின்னப் பிள்ளை; காவலூரில் இருந்தோம். ஒடுகத்தூரில் புளி மூட்டைகளை இறக்கிவிட்டு வந்த அப்பா, ஒரு பை நிறைய சதுரக் கட்டைகளைப் பாயில் கொட்டினார். எனக்கும் தங்கைக்கும் வாங்கியவைதான். ஆனால் எங்களைத் தொடவிடவில்லை. புளி வாசனை வீசும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கள் வாசலிலிருந்து தெரியும் வானாய்வுக் கூடத்தைக் கட்டத் தொடங்கினார். சுவர் எழும்பிவிட்டது. கூரைதான் உருண்டையாக வரவில்லை. பிரித்துப் பிரித்துக் கட்டினார்.

“இன்னா மனுசன் நீங்க! களி ஆறிப்போவுது. கொழந்தைங்க கைல குடுங்க” என்றாள் அம்மா.

“இருமே, வந்துடும்” என்றார் அப்பா, தலை நிமிராமல்.

கடைசியில் அம்மாவே ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து சுவர்மேல் கவிழ்த்தாள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்கள் கைதட்டிக் குதித்தோம்.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. நேற்று கேமராவை அணைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“இன்னாம்மா, சாப்ட்டியா?” என்றாள்.

“சாப்ட்டேம்மா. அப்பாவப் பத்தி எதனா பேசேன்.”

“எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?” என்றாள் அம்மா.