திரும்பியது நான்தான்

ஷட்டில் ஆட வருகிறவர்களுக்கு முதல் வாரமே ஒன்றைச் சொல்லித் தருவார்கள். இருவர் சேர்ந்து ஆடும்போது, நெட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. காக், அதாவது இறகுப் பந்து, தலைக்கு மேலே தாண்டிப் போய்விட்டால் பின்னால் நிற்பவர் பார்த்துக்கொள்வார். முன்னால் நிற்பவரின் பார்வை எதிரில்தான் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. என் ஜோடி ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அக்கா, திரும்பாதீங்க. அதான் நான் இருக்கேன்ல?"

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் அவள் எனக்கு நேர் கீழ் வீடு. என்னைவிட ஏழு வயது சின்னவள். வாரத்தில் மூன்று நாள், விடிந்தும் விடியாமலும் அவளுடைய ஸ்கூட்டரில் கிளம்பி, வண்டலூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கோர்ட்டுக்குப் போவோம். ஏழு மணிக்குத் திரும்பி, சமையலை முடித்து, கிண்டியில் இருக்கும் ஆபீசுக்கு நான் ரயில் பிடிப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அன்று பதினெட்டுக்குப் பதினெட்டில் ஆட்டம் நின்றிருந்தது. எதிரில் இருந்தவர் பந்தை உயரமாகத் தூக்கிவிட்டார். அது என் தலைக்கு மேல் போனது. நான் திரும்பினேன். அவள் குதித்து ராக்கெட்டை இறக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அடுத்த கணம் அவள் அடித்த காக் என் இடது கண்ணில் விழுந்தது; அது அடி என்றுகூட எனக்குப் புரியவில்லை. பெரிய சத்தம் ஒன்று கேட்டது போல இருந்தது. கண்ணைப் பொத்திய கையை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் வெளியே வரவில்லை. எல்லாம் உள்ளேயே கசிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டாள்.

"அக்கா, என் தப்பா?"

நான் பதில் சொல்லவில்லை.

வலியில் இருந்தேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வலி இருந்தது உண்மை. ஆனால் பேச முடியாத அளவுக்கு இல்லை. கொஞ்ச நேரம் முன்புதான் கணவரிடம், வீட்டில் கேஸ் அடுப்பை மூடினீர்களா என்று கேட்டிருந்தேன். "இல்லைம்மா, நான்தான் திரும்பிட்டேன்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நடந்ததற்கு வேறு யாராவது காரணமாக இருக்க வேண்டியிருந்தது.

இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. முடிவில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பார்வையின் ஓரம் மிஞ்சும், நடு திரும்ப வராது. இடது கண்ணால் மட்டும் பார்த்தால், எதிரே நிற்பவருக்குக் காதும் தோளும் இருக்கும், முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் பூசியது போல இருக்கும்.

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் கணவர் ஒரே பாட்டைப் பாடினார். "விளையாட்டுதானே? அந்தப் பொண்ணுக்கு அப்படி என்ன ஆவேசம்? முன்னாடி ஆள் நிக்கிறது தெரிய வேணாமா?" நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அடுக்ககம் முழுக்க அது பரவியது. முதலில் தினமும் குழம்பும் ரசமும் எடுத்துக்கொண்டு மேலே வந்தவள், பிறகு வாசலோடு கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு வருவதே நின்றது. லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் இறங்குவாள்.

ஒரு கண் போனால் தூரத்தை அளக்கும் கணக்கும் போய்விடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். ரயிலை விட்டு இறங்கும்போது பிளாட்பாரம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியாமல் கால் தடுமாறும். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். லாரிகள் பறக்கும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைத் தனியாகக் கடப்பதை விட்டேன். இடப் பக்கம் யாராவது திடீரென்று பேசினால் உடம்பு தூக்கிப் போடும்.

ஒரு வருடத்துக்கு மேல் போன பிறகு மறுபடி ஆடப் போகிறேன் என்று சொன்னேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆபீஸ், வீடு, சொட்டு மருந்து என்று நாள் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"ஒண்ணு போச்சு. இன்னொண்ணையும் குடுத்துட்டு வரப் போறியா?" என்றார் கணவர்.

உடையாத கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதைச் சொன்னேன்.  இரண்டு நாள் அவர் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தார்.

பழைய கோர்ட்டுக்குப் போகத் துணிவில்லை. மேற்குத் தாம்பரத்தில், என்னைத் தெரியாத ஓர் இடத்தில், புதிதாகக் கற்பவர்களோடு சேர்ந்தேன். இதற்கு முன் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய்யாகவும் படவில்லை. முதல் நாள் என் கையாலேயே பந்தை விட்டு சர்வீஸ் போட்டேன். ராக்கெட் காற்றைத்தான் அடித்தது. ஏழெட்டு முறை அப்படியே. எதிரிலிருந்து ஒன்று மெதுவாக வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு குனிந்துவிட்டேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, பைக்குள் ராக்கெட்டை வைத்து, வீட்டுக்கு ரயில் ஏறினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன்.

அங்கே டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னோடு ஆடுவார். தொப்பையைக் குறைக்க டாக்டர் அனுப்பியிருந்தாராம். பொறுமை என்பதே கிடையாது.

"இன்னாக்கா நீ, காக்கு ஒரு பக்கம் போவுது, பேட்டு ஒரு பக்கம் போவுது! கண்ணு எங்க கீது உனுக்கு?"

 அவருக்கு எதுவும் தெரியாது. தடித்த கண்ணாடி போட்ட, ஆடத் தெரியாத ஒரு பெண் என்றுதான் நினைத்திருந்தார். ஒன்றரை வருடமாக, என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. எல்லாரும் மெல்லத்தான் பேசினார்கள். "சாரி சார், இன்னொண்ணு போடுங்க," என்றேன்.

மெல்ல மெல்லச் சில விஷயங்கள் பிடிபட்டன. காக் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட வேண்டும். முந்தி அடிக்காமல் அதை இன்னும் சற்றுக் கீழே இறங்க விட வேண்டும். பத்தில் நான்கு படும். பயம் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு நாளும் கோர்ட்டின் கோட்டைத் தாண்டும் முன் கண்ணாடியை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பேன்.

அப்படி ஒரு காலையில் வீடு திரும்பும்போதுதான், கீழ் வீட்டைக் காலி செய்யப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். நாவலூருக்காம். அன்று மாலை அவள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் பின்வாங்கினாள். நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு நான்தான் திரும்பினேன். உன் தப்பு எதுவும் இல்ல. ஆஸ்பத்திரியில நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் இறுகியது.

"இப்ப வந்து சொல்றீங்களா? என் மாமியார் என்னைக் கண்ணைக் குத்தினவன்னு சொல்றாங்க. என் புருஷன் கேக்குறாரு, கோவத்துல அடிச்சியான்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா, வேணும்னு அடிச்சுட்டேனோன்னு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

 "ஒரு நாள் வந்து என்னோட ஆடறியா?" என்று மட்டும் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றவள், சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். டயர் கடைக்காரரும் இன்னொருவரும் எதிரில். பழக்கத்தில் நான் நெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அவள் பின்னால். மூன்று நான்கு அடிகள் ஒழுங்காகப் போயின. அவள் காலடிச் சத்தம் மாறவே இல்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அப்போது எதிரிலிருந்து காக் உயரமாக என் தலைக்கு மேல் போனது.

நான் திரும்பவில்லை. அதற்குப் பதில் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. காக் எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. அவள் அடித்திருக்கவே இல்லை.

எழுந்து பார்த்தபோது அவள் ராக்கெட்டைத் தாழ்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாச்சு? அடிபட்டுச்சா?" என்று டயர் கடைக்காரர் பதறினார்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் பேசினாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"வாயால சொல்லிட்டீங்க. ஆனா என்னைப் பின்னாடி வெச்சுக்கிட்டு உங்களால நிக்க முடியலக்கா. விடுங்க."

ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு போனாள். நான் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். நான் அப்போது ஆபீசில் இருந்தேன். லீவு போட்டிருக்கலாம், போடவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளிடமிருந்து ஒரு வாழ்த்துப் படம் போனுக்கு வரும். நானும் ஒன்றை அனுப்புவேன்.

தாம்பரத்துக்கு இன்னும் போகிறேன். எனக்கு ஒரு கண் தெரியாததை டயர் கடைக்காரரிடம் பிறகு நானே சொன்னேன். அவர் ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்றார். அதன் பிறகு அவர் திட்டுவதில்லை. எனக்கு மெதுவாகப் போட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்பதில்லை. யாரோடு ஆடினாலும் நான் பின்வரிசையில்தான் நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும் இருக்க வேண்டும். பத்தில் ஐந்து படுகிறது.