தாஜ்மகால் வாசலில் மச்சாள்

தாஜ்மகாலின் வாசலுக்கு வெளியே, ஒரு சீமெந்து இருக்கையில், மடியில் கறுப்புப் பையை அணைத்தபடி மச்சாள் இருந்த இருப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. அண்ணையின் மனைவி அவர். யாழ்ப்பாணத்தில் சரித்திர ஆசிரியை. ஷாஜகான் கட்டியதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து வரைந்து படிப்பித்தவர். லண்டனுக்கு வந்தபின் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. ஷாஜகானை அங்கே யார் கேட்டார்கள்?

சென்னையில் ஒரு கலியாணம் வந்தபோதுதான் அவர் தனக்கென்று ஒன்று கேட்டார். "இவ்வளவு தூரம் போறம், ஆக்ராவையும் ஒருக்கால் பார்த்திட்டு வருவமே?" அண்ணை இரண்டு நாள் ஒதுக்கினார். அதையே பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மச்சாள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து, எந்த வாசலால் நுழைவது, எங்கே நின்று பார்ப்பது என்று கொப்பியில் குறித்து வைத்தார். நானும் சேர்ந்து முதலில் ஆக்ராக் கோட்டைக்குப் போனோம். அண்ணை அவசரப்படுத்தியதில் பாதிதான் பார்த்தோம். தாஜ்மகாலுக்கு இரண்டு மணித்தியாலம் என்றான் எங்களை ஏற்றிவந்த வான் ஓட்டுநர்.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அகதி விண்ணப்பக் காலத்துக் கடிதங்கள் எல்லாம் அந்த ஒரே பையில்தான் இருக்கும். வீட்டைவிட்டு ஓடிவந்தவர்களின் பழக்கம் அது. ஹோட்டல் அறையில் வைக்க அண்ணை சம்மதிக்க மாட்டார். இவ்வளவு பெரிய பையை உள்ளே கொண்டுபோக ஏலாது, பாதுகாப்பு அறையில் வையுங்கள் என்றார் வாசல் காவலர். "பூட்டுத் திறப்பு அவங்கடை கையிலை. கடுதாசி துலைஞ்சா நாங்கள் ஆர்?" என்றார் அண்ணை. பிறகு, யோசிக்கக்கூட இல்லை, பையை மச்சாளிடம் நீட்டினார். வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுகிற அதே கைதான்.

அவருக்காகத்தானே வந்தோம் என்று அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான். "அரை மணித்தியாலத்திலை வந்து நான் மாறுறன் மச்சாள்," என்றேன். "ஓம், நீர் போயிட்டு வாரும்," என்றார். உள்ளே போனேன். படம் எடுத்தேன், எடுத்தது சரியில்லை என்று திரும்பவும் எடுத்தேன். வெளியே வந்தபோது ஓட்டுநர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். மச்சாள் இருந்த இடத்திலிருந்து வெண்மையாக ஒரு துண்டுகூடத் தெரியாது. சிவப்பு மதிலும் ஒட்டகவண்டியும்தான். "நல்லா இருந்ததே?" என்று கேட்டார். நல்லாய் இருந்தது என்று வெட்கமில்லாமல் சொன்னேன்.

அது நடந்து பதினொரு வருடம். போன ஞாயிறு லண்டனில் மனோர் பார்க் கோயிலுக்குப் போய்விட்டு இல்ஃபோர்டில் அண்ணை வீட்டில் சாப்பிட்டோம். பள்ளிக்கூடத்தில் தாஜ்மகால் பற்றி எழுதவேண்டும் என்று என் மகள் கேள்வி கேட்டாள். நாலு கோபுரமும் நேராகவா நிற்கின்றன? உள்ளே போன எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ச்சுத்தான் கட்டினவை. விழுந்தாலும் கல்லறைக்கு மேலை விழாது," என்றார் மச்சாள்.

"மாமி, நீங்க கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"எல்லாரும்தானே போய்ப் பார்த்தனாங்கள்," என்றார் அண்ணை, அப்பளத்தை நொறுக்கியபடி.

"நான் பார்க்கேல்லை," என்றார் மச்சாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, உண்மையாகவே விளங்காத முகம். "அப்ப அந்தப் பையை ஆரிட்டைக் குடுக்கிறது?"

"என்னட்டைத் தந்திருக்கலாம்," என்றேன். வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை, சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்து சொன்னேன். மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. மகளின் கொப்பியை வாங்கி, நாலு கோபுரத்தையும் சரியான சாய்வோடு வரையத் தொடங்கினார்.