வாசற்படியின் மேல் ஒரு போர்வை

அறுபதுகளின் தொடக்கத்தில் தாயில்பட்டியில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பழைய சேலைகளைச் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் பஞ்சு பரப்பி, அதற்கும் அடியில் வெள்ளைத்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பது. வட்டார அலுவலக அதிகாரி பார்க்க வரும்போது வகுப்புக்குத் தந்திருந்த அறைக்குள் பத்துப் பேர் இருந்தால் வகுப்பு நீடிக்கும். இல்லையென்றால் நான் விருதுநகருக்குத் திரும்பி மைத்துனரின் தையல் கடையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே எடுத்திருக்கிறேன்.

பத்துப் பேர் வந்தார்கள். நான்கு பேர் உள்ளே போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆறு பேர் வெளியிலேயே நின்றார்கள். இடம் போதவில்லை என்று நினைத்து நானே உள்ளே அளந்து பார்த்தேன். தாராளமாக இருபது பேர் உட்காரலாம். நான் நுழைந்ததும் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். நான் வெளியே வந்ததும் அவள் உள்ளே போனாள். மறுபடி நுழைந்தேன். மறுபடி எழுந்தாள்.

“ஒரு ரூமுக்கு நாலு பேருதான் வாத்தியாரே,” என்றாள். அவர்களில் மூத்தவள் அவள். “அதுக்கு மேல இருந்தா போர்மேன் வைவாரு.”

இது கம்பெனி அல்ல, இங்கே இருப்பது துணியும் பஞ்சும்தான் என்று விளக்கினேன்.

“பஞ்சு தீப்பிடிக்காதாக்கும்?”

வெளியே நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். அவளுடைய இடது கையில் மூன்று விரல்கள் இருந்தன. நான் எண்ணுவதைக் கண்டு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஆனால் போர்வை ஒன்றுதான். அதைப் பிரித்துத் தைக்க முடியாது. வெளியே முழுக்கப் போட்டால் ஆடுகள் மிதிக்கும். கடைசியில் இரண்டு நீளக் கம்புகளில் துணியை இருபுறமும் சுருட்டி, வாசல் வழியே குறுக்காக அல்லாமல் நீளவாக்கில் நீட்டினோம். பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே நால்வர், வெளியே அறுவர். நான் போனால் ஐந்தாகிவிடும் என்பதால் ஜன்னலுக்கு வெளியே நின்று கற்றுக்கொடுத்தேன். ஜன்னலில் ஏழு கம்பிகள். தையல் கோணினால் மூன்றாவது கம்பிக்கும் நான்காவதற்கும் இடையே கைவிட்டுக் காட்டுவேன்.

அதிகாரி வந்தபோது போர்வை வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டப் பார்த்தார். அவர் வந்தால் ஒருத்தி வெளியேற வேண்டும், அவளோ நடுத் தையலில் இருக்கிறாள் என்று உள்ளிருந்து சொன்னார்கள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். எனக்கு முன்பே தெரிந்த விடைதான் வந்தது. விதி அறைக்குள் பத்து என்கிறது, நால்வர்தான் இருக்கிறார்கள், வெளியே இருப்பவர்களை எண்ண முடியாது என்றார். நான் காஜா ஊசியை நினைத்துக்கொண்டேன்.

மூத்தவள் கத்தரிக்கோலை எடுத்து, வாசற்படிக்கு நேராகத் துணியின் விளிம்பில் வைத்தாள்.

“அப்ப வெளிய உள்ளவுக தச்சது கணக்கில்லையா சார்? இந்தா, இங்கன அத்துவிட்டுருதேன். உள்ள இருக்கதை மட்டும் பாருங்க.”

கேலி இல்லை. அவள் வெட்டியிருப்பாள். நூற்றுப் பன்னிரண்டு சதுரங்கள். கோடு சரியாக ஒரு பச்சைச் சதுரத்தின் நடுவே விழுந்திருக்கும்.

வேண்டாம் என்றார் அதிகாரி. வேப்பமரத்தடிக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார். பிறகு, இது ஒரு வகுப்பு அல்ல, உட்பிரிவு, வெளிப்பிரிவு என்று இரண்டு; ஆட்கள் போதாவிட்டாலும் இரண்டையும் மறு உத்தரவு வரை நடத்தலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறு உத்தரவு வரவேயில்லை. நான் இரண்டு பிரிவுகளுக்கும் ஆசிரியராக அதே ஜன்னலில் நின்றேன். மழைக்காலத்தில் மட்டும் வெளிப்பிரிவுக்கு விடுமுறை விட்டோம். எனக்கு விடவில்லை.