டாக்டர் வடிகட்டியின் தலைக்கவசம்

லியோ பெட்ருச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரனை நியூயார்க் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. புரூக்ளினில் செருப்பு தைக்கிறவரின் மகன். எங்கள் காமிக்ஸ் கம்பெனியில் பென்சிலில் படம் போடுவது அவன் வேலை, அதன்மேல் மை போடுவது என் வேலை. அடுத்தவன் உருவாக்கிய வீரர்களையே வரைந்து அலுத்துப்போய், 1964இல் சொந்தமாக ஒரு வில்லனைக் கொண்டுவந்தான். இரும்புத் தலைக்கவசம், அது முழுக்க ஆணித்தலைகள்.

"இவனப் பாத்தா புள்ளைங்க கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டுத்தான் படுக்கணும்டா ஹெர்ப்" என்றான். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

கறுப்பு அடிக்க வேண்டிய இடத்தில் பென்சில்காரன் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைப்பது எங்கள் தொழில் வழக்கம். பின்னணிக்கு லியோ போட்ட குறிகள் கவசத்தின் மேலும் ஏறிக் கிடந்தன. பத்தொன்பது பக்கம், மறுநாள் காலையில் அச்சுக்குப் போக வேண்டும், எனக்கோ உயிர் போகிற பல்வலி. பின்னணியை விட்டுவிட்டு ஆணித்தலைகள் அத்தனையையும் கறுப்பாக நிரப்பித் தொலைத்தேன். ஆணிகள் ஓட்டைகளாகிவிட்டன. ஸ்பகெட்டி வடிகட்டும் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான் வில்லன்.

எங்கள் கம்பெனியில் படம் முதலில், வசனம் கடைசியில். வசனக்காரன் ஓட்டைகளைப் பார்த்து 'டாக்டர் வடிகட்டி' என்று பெயர் வைத்தான். "உன் உயிரை வடிகட்டி எடுப்பேன்!" என்று பேசவும் வைத்தான். ஒரே இதழ்தான். வாசகர் கடிதங்களில் மானம் கப்பலேறியது.

அசல் பக்கங்களை வரைந்தவனுக்கே திருப்பித் தரும் பழக்கம் அன்று கிடையாது. லியோ அச்சான பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நானாடா இப்படி வரைஞ்சேன்?"

"எனக்கென்னடா தெரியும்?" என்றேன். அதன்பின் அவன் காமிக்ஸையே விட்டுவிட்டு முப்பது வருஷம் ஃப்ரிட்ஜ் விளம்பரம் வரைந்தான்.

1994இல் நியூ ஜெர்சியில் ஒரு காமிக்ஸ் விழாவுக்கு யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அவன் மேஜை முன்னால் நாற்பது பேர் வரிசை, ஒவ்வொருவர் தலையிலும் ஓட்டைக் கிண்ணம். லியோவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு டீச்சரம்மா இதழை நீட்டினாள். "சார், சின்ன வயசுல எங்க அண்ணனும் நானும் தினம் டாக்டர் வடிகட்டி வெளையாட்டுத்தான். அந்த ஓட்டைய எப்படி சார் யோசிச்சீங்க?"

லியோ திருதிருவென்று விழித்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது... ரொம்ப நாள் யோசிச்சேம்மா."

கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஒண்ணும் வெளங்கலடா. பயமுறுத்துறதுக்குல்ல வரைஞ்சேன்? இதுங்க இப்படிக் கொண்டாடுதுங்களே! நெசமாவே நான் பெரிய ஆளா?"

குற்ற உணர்ச்சியா, பொறாமையா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. பெருக்கல் குறி, பல்வலி, ஆணித்தலை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான். வரிசையில் அடுத்து நின்றவன் தன் கிண்ணத்தைக் கழற்றிக் கையெழுத்துக்காக மேஜைமேல் வைத்தான். லியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பது வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தியே ஹெர்ப்" என்றான் மெதுவாக. "இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதாடா?"