தில்லாவின் கோப்பிக் கிடங்கு

நான் இப்போது குடியிருக்கிற லாசாலில், பக்கத்து வீட்டு எதியோப்பியப் பெண் கோப்பிக் கொட்டை வறுக்கும்போதெல்லாம், அப்பா வாத்தியாராக இருந்த எதியோப்பிய ஊரான தில்லாவும், அங்கே கோப்பிக் கிடங்கு வாசலில் பெண்கள் நாள் முழுக்கக் குந்தியிருந்து கறுத்த கொட்டைகளைப் பொறுக்கி எறிகிற சத்தமும் எனக்குத் திரும்பி வந்துவிடும். வேலை முடிந்து போகையில் காவலாளி அவர்களின் தலைமயிரைக்கூட அவிழ்த்து உதறச் சொல்லுவான். எங்கள் பின்வளவில் குடியிருந்த அல்மாஸின் கொண்டையிலிருந்து ஒருநாள் ஒரு கைப்பிடி கறுத்த கொட்டை விழுந்தது. சந்தையே பார்த்திருக்க, கிடங்கு முதலாளி அவளுக்கு மொட்டையடிப்பித்தார்.

"உது எறியிற கொட்டைதானே?" என்று அப்பா அவரிடம் கேட்டார்.

"ஓம் மாஸ்டர், அதாலைதான் மயிரை மட்டும் வழிச்சுப்போட்டு விட்டனான்" என்று அவர் சிரித்தார்.

அடுத்தநாள் விடிய அல்மாஸ் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கிடங்கு வாசலுக்கு வந்து, மற்றப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தபடி விலகிக் கொடுத்த இடத்தில் குந்தி, பொறுக்கத் தொடங்கினாள்.