பாதிச் சட்டம்

கருமத்தம்பட்டியில் எங்களுக்கு விசைத்தறி. கல்யாணமான நாளிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குடித்தனம் நடத்தியவள் நான். என் குரல் பெரிதானதற்கு அதுதான் காரணம் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். உண்மை அதுவல்ல. தறி இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் நான் இப்படித்தான் பேசியிருப்பேன்.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்து ஊர்க் குளம் வெகுகாலத்துக்குப் பிறகு நிறைந்து தளும்பியது. ஞாயிற்றுக்கிழமையானால் கோயமுத்தூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் கணவருக்கு யோசனை வந்தது. தறியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, குளத்தில் படகு விடக் குத்தகை எடுத்தார். இரண்டு மோட்டார் படகு, சில பெடல் படகு, பழைய துடுப்புப் படகு ஒன்று. ஓலைக் கொட்டகையில் ஒரு ஜன்னல் வைத்து, அதற்குப் பின்னால் டிக்கெட் கிழிக்க என்னை உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு ராஜாங்கமே கிடைத்துவிட்டதாக நினைப்பு.

குளத்தின் மேற்குக் கோடியில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். தை பிறந்தால் நாரையும் நீர்க்காகமும் அங்கே கூடு கட்டும். முதல் வருஷம் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மோட்டார் படகு மரங்களைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கும், பறவைகள் மொத்தமாகக் கிளம்பும், படகில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். பெரிய பறவைகள் திரும்பி வருவதற்குள் காக்கைகள் இறங்கிவிடும். முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதை நான் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். படகு கிளப்பிய அலையில் தாழ்வான கிளை ஆடி, இறகு முளைக்காத குஞ்சுகள் தண்ணீரில் விழும். அதையும் பார்த்தேன். ஆனாலும் கைதட்டியவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் நான்தான்.

அடுத்த வருஷம் குத்தகையைப் புதுப்பிக்கும்போது நிபந்தனைகள் சேர்ந்து வந்தன. தை முதல் பங்குனி முடிய மோட்டார் படகு மேற்குப் பக்கம் போகக்கூடாது. எல்லை தெரியும்படி கயிறு கட்ட வேண்டும். துடுப்புப் படகு மட்டும் கயிற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகலாம், அடையாளத்துக்கு ஊன்றியிருக்கும் மூங்கில்கள் வரை, சத்தம் போடாமல். யார் உட்கார்ந்து எழுதினார்களோ தெரியாது. பறவையும் பிழைக்க வேண்டும், பார்க்க வந்த மனிதனும் ஏமாந்து போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் யோசித்து எழுதியிருந்தார்கள்.

என் கணவர் காலி எண்ணெய் கேன்களை மிதவையாகக் கோத்துக் கயிறு கட்டினார். என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, பெயிண்ட் வாங்கி வந்து அறிவிப்புப் பலகை எழுதினாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ‘மோட்டார் படகு கயிற்றைத் தாண்டக் கூடாது’ என்று எழுதியதுமே பலகை நிறைந்துவிட்டது. மீதியை ஜன்னலில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மரத்துப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் அலுக்காமல் சொன்னேன்: மோட்டார் படகு போகாதுங்க, துடுப்புப் படகில் போகலாங்க. குத்தகைக்காரியே மோட்டார் டிக்கெட்டை விட்டுக்கொடுத்துச் சட்டம் பேசுகிறாளே என்று ஊரில் எனக்குக் ‘கவர்மெண்ட்டு அம்மா’ என்று பெயர் வைத்தார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

நாத்தனாருக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஜாதகத்துக்குப் பொருத்தம் அமைவதே பெரும்பாடு. பொருந்தி வந்த ஒன்றிரண்டும் வேறு காரணத்தால் தட்டிப்போயின. கடைசியில் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. ஜாதகமும் பொருந்தியது, போட்டோவைப் பார்த்து அவளுக்கும் பிடித்திருந்தது. அவளாக வாய்விட்டுச் சொல்லவில்லை. போட்டோவை என்னிடம் திருப்பிக் கொடுக்க மறந்தவள் மாதிரி நாலு நாள் தன்னிடமே வைத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் முதல் தடவை பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கோயிலிலோ, வேறு பொது இடத்திலோ, தற்செயலாக எதிர்ப்பட்ட மாதிரி இரு தரப்பும் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காமல் போனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை, வந்த வழியே போய்விடலாம். அதுவரை ஒருவரையொருவர் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. எங்களுக்குத்தான் குளம் இருக்கிறதே, கோயில் எதற்கு என்று என் கணவர் படகுத் துறையையே சொல்லி அனுப்பினார். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் காலையிலேயே வந்து துடுப்புப் படகைக் கழுவி, இருக்கைகளை ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். எல்லோரும் சேர்ந்து மரத்துப் பக்கம் போய்வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்குப் பிறகு என் மாமியாருடன் கரைப் புங்கமரத்தடியில், யாரோ போல உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்காவது ஜன்னலை வேறு யாரிடமாவது விடு என்று கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை. ராஜாங்கம் அல்லவா.

அம்பாசடர் காரில் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, தாய்மாமன். தாய்மாமன்தான் எல்லாம் என்று பார்த்ததும் தெரிந்தது. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, கார்ச் சாவியால் ஜன்னல் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். என்னைக் கூலிக்கு டிக்கெட் கிழிப்பவள் என்று நினைத்துக்கொண்டார். நான் இன்னார் என்று சொல்லவும் முறையில்லை.

"ஏம்மா, அந்த மரத்துக்கிட்ட மோட்டார்ல ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்லு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலேயே.

மோட்டார் படகு கயிற்றைத் தாண்டாது, கூட்டில் குஞ்சு இருக்கிறது, பலகையில் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். எத்தனை ரூபாய் ஆனாலும் கொடுப்பதாகச் சொல்லி மறுபடியும் சாவியால் தட்டினார். அந்தத் தட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பையன் சங்கடப்பட்டுப்போய் முன்னால் வந்தான். நல்ல முகம், போட்டோவில் இருந்ததைவிட நல்ல முகம்.

"வேற எப்படியாச்சும் போக முடியுங்களா, அக்கா?" என்று கேட்டான்.

முடியும். கழுவித் துடைத்த படகு கண்ணெதிரே நின்றது. நான் தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. புங்கமரத்தடியில் நாத்தனார் பாதி எழுந்து நிற்பதும் எனக்குத் தெரிந்தது. அவளால் வந்து சொல்ல முடியாது, அவள் அன்று யாரோ. என் கணவர் படகுத் துறையிலிருந்து கண்ணால் கெஞ்சினார். நான் பையனைப் பார்க்காமல் அவன் மாமனைப் பார்த்துச் சொன்னேன்.

"சட்டம் சட்டந்தானுங்க. பெரிய மனுசரு வந்திருக்காருன்னு குஞ்சு எந்திரிச்சு வழி உடுமுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தாய்மாமன் முகம் கறுத்தது. சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தார். பையன் ஒரு தடவை புங்கமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனான். வந்த வழியே போய்விடுவதற்குத்தானே அந்த ஏற்பாடு. அப்படியே போய்விட்டார்கள்.

தரகர் மூலம் பதில் வந்தது: பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் பெண்ணுக்கு அண்ணி என்று பிறகு கேள்விப்பட்டோம், அந்த வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாமனுக்கு இஷ்டமில்லை. ஆவணியில் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே சமையலறையில் இருவரும் சமைப்போம், உப்பு வேண்டுமென்றால்கூட நாத்தனாரை விட்டுத்தான் கேட்பார். கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நீ சொன்னது சரிதானே, சட்டத்தை மீற முடியுமா என்றார். படகுத் துறையில் நின்றவருக்கு மாமன் மோட்டார் கேட்டது மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது, வேறு வழி உண்டா என்று பையன் கேட்டது விழவில்லை போல. திட்டியிருந்தால் திரும்பக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அந்தப் பங்குனியில் ஒரு குஞ்சுகூட தண்ணீரில் விழுந்து நான் பார்க்கவில்லை. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், எல்லாக் குளத்திலும் உங்களை மாதிரி ஒருவர் இருந்தால் போதும் என்று கரையில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குக் கூசியது. பறவைக்காகச் செய்தேன் என்று நானே நம்பப் பார்த்தேன். பறவைக்காக என்றால் துடுப்புப் படகைக் காட்டியிருப்பேன். இரண்டு பக்கமும் பார்த்து எழுதிய சட்டத்தில் எனக்கு வேண்டிய பாதியை எடுத்து ஒருத்தரை அடித்தேன். அடி பட்டது வேறொருத்திக்கு.

மறு வருஷமும் தை வந்தது, நாரைகள் வந்தன. நாத்தனாருக்கு இன்னும் இடம் அமையவில்லை. காற்றில் கயிறு விலகிவிட்டதா என்று பார்க்க ஒரு நாள் காலையில் துடுப்புப் படகில் போனேன். அவளும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். நான் துடுப்புப் போட, அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தாள். கயிற்றைத் தாண்டி மூங்கில்கள் வரை போனோம். எங்களை ஒரு நாரைகூட லட்சியம் செய்யவில்லை. கூட்டில் தாய்ப்பறவை குஞ்சுகளுக்கு மீனைக் கக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.

"நங்கை, அன்னிக்கு இந்தப் படகு உங்களுக்கு நெனப்புல வரலீங்களா?"

குரலில் கோபம் இல்லை. ஒரு வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கி, கடைசியில் கேட்டே விடுவோம் என்று வந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. நினைவிருந்தது, வேண்டுமென்றே சொல்லவில்லை, உன் காலில் விழுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாரிடமும் பயப்படாத என் வாய் அவளிடம் பயந்துவிட்டது.

"இல்ல கண்ணு. கூட்டத்துல மறந்துபோட்டேன்."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல மூச்சு விட்டாள்.

"நானும் அப்படித்தானுங்க இருக்குமுன்னு நெனச்சேன்" என்றாள்.

கரைக்கு வந்ததும் அவள் நேரே வீட்டுக்குப் போனாள். நான் சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போனபோது சமையலறையில் அவள் என் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தது வாசலிலேயே கேட்டது. நங்கை வேண்டுமென்று செய்யவில்லை, அந்தக் கூட்டத்தில் பாவம் மறந்துவிட்டார்கள், நாம்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்தேன்.

மாமியார் எழுந்தார். தட்டை எடுத்து வைத்தார். "காலைலிருந்து ஒண்ணும் திங்காம இருப்பே, உக்காரு அம்மணி" என்று சொல்லிச் சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினார். ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார். போடுங்க அத்தை என்றேன்.